காய்ந்த தோல் வேறு, பதப்பட்ட தோல் வேறு: வீட்டில் ஆட்டுத்தோல் பதனிடும் முறை

பறையை அடிப்பதற்கு முன் தீயில் காட்டுவார்கள். வைக்கோலையோ சருகையோ கொளுத்தி, அதன்மேல் பறையின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை ஏறியதும் தோளில் மாட்டிக்கொள்வார்கள். நடுவில் பனி இறங்கினால் ஓசையும் இறங்கிவிடும். மறுபடி தீ மூட்ட வேண்டும். தோல் வேலையைக் கற்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியாது. பறையில் கட்டியிருப்பது பதனிடாத தோல். அதிலிருந்து நீரை மட்டும் வெளியேற்றியிருக்கிறார்கள். காற்றில் ஈரம் கூடினால் அந்தத் தோல் ஈரத்தைக் குடித்துத் தொய்கிறது. நெருப்பின் சூடு பட்டால் ஈரத்தை விட்டு இறுகுகிறது.

தோல்பாவைக்கூத்தின் பாவைகளும் இந்த வகைதான். ஆட்டுத்தோலின் முடியை நீக்கி இழுத்துக் கட்டிக் காயவைப்பதால் விளக்கொளி ஊடுருவும் மெல்லிய தகடு கிடைக்கிறது. வண்ணம் தீட்டித் திரைக்குப் பின்னால் பிடித்தால் பாவை ஒளிர்கிறது. அதே ஆட்டின் தோலைப் பதனிட்டால் ஒளி புகாது. ஆனால் மடித்தால் மடியும், தைத்தால் தையல் நிற்கும், வருடக்கணக்கில் தொட்டுப் புழங்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. முடியோடு கூடிய ஒரு வெள்ளாட்டுத் தோலை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். தொடக்கக்காரருக்கு ஏற்றது அது. மெல்லியது, கொழுப்புக் குறைவு, எளிதில் கிடைப்பது. செம்மறியில் கொழுப்பு கூடுதல். சோப்புத் தண்ணீரில் இன்னும் ஒருமுறை அலச வேண்டியிருக்கும்.

தோலுக்குள் இருக்கும் கயிறு

உரித்தவுடன் உள்ள பச்சைத்தோலின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீர்தான். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். அது நார் நாராக, கயிறு திரித்ததுபோல் அமைந்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கிறது. அந்தக் கயிற்றின் முறுக்கு எப்படிப்பட்டது என்பதை உலகுக்குச் சொன்ன ஆய்வு சென்னையில் நடந்தது. மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டதே கொலாஜன் என்ற அமைப்பை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் முன்வைத்தார்கள். ஆய்வுக்கு வேண்டிய கொலாஜன், கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்தது, பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது. 1948இல் அடையாறில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. ஆட்டுத்தோலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இந்தச் செய்தி எனக்கு நினைவுக்கு வரும். ஊர் ஒதுக்கி வைத்த ஒரு வேலைக்குள் இவ்வளவு நுட்பம் இருந்திருக்கிறது.

இந்தக் கயிறுகளுக்கு இடையில் நீர் இருக்கும்வரை அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும். அதனால்தான் பச்சைத்தோல் குழைவாக இருக்கிறது. ஆனால் நீர் இருக்கும் இடத்தில் பாக்டீரியாவும் இருக்கும். அவை நார்களை அறுத்து உண்ணத் தொடங்கும். அழுகல் என்பது அதுதான். சரி, நீரை எடுத்துவிட்டால்? அழுகல் நிற்கும். ஆனால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தோல் பலகைபோல் விறைத்துவிடும். மறுபடி நனைந்தால் அழுகலும் திரும்ப வரும். ஈரத்தோலை 60 முதல் 65 டிகிரி வரை சூடாக்கினால் முறுக்கு அவிழ்ந்து சுருங்கிப்போகும். தொடர்ந்து கொதிக்கவிட்டால் கரைந்து பசையாகிவிடும். தச்சர்கள் பயன்படுத்திய வஜ்ஜிரம் இப்படிக் காய்ச்சிய பசைதான்.

பதனிடுதல் என்பது, நீர் இருந்த இடத்தில் வேறொன்றைக் கொண்டுபோய் உட்காரவைப்பது. அந்தப் பொருள் நார்களைப் பற்றிக்கொள்கிறது. நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி விலக்கி வைக்கிறது. பாக்டீரியா அறுக்கும் இடங்களையும் மறைத்துவிடுகிறது. அந்தப் பொருள் படிகாரமாக இருக்கலாம், மரப்பட்டையின் துவர்ப்பாக இருக்கலாம், குரோமிய உப்பாக இருக்கலாம். கீழே வரும் ஒவ்வொரு வேலையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்: இந்தக் கட்டத்தில் நீர் வெளியே போகிறதா, உள்ளே வருகிறதா? இதைக் கேட்டுக்கொண்டே செய்தால் தவறுகள் பாதியாகக் குறையும்.

முதல் இரண்டு மணி நேரம்

முதலில் எந்தத் தோல் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நோயில் செத்த ஆட்டின் தோலைத் தொடாதீர்கள். அடைப்பான் நோய்க் கிருமியின் வித்துகள் தோலிலும் முடியிலும் மண்ணிலும் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தோல் தொழிலாளர்களின் உயிரைக் குடித்த நோய் அது. மான், உடும்பு, காட்டுமுயல் போன்ற வனவிலங்குகளின் தோல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். இறைச்சிக்காக அறுத்த, நலமாக இருந்த ஆட்டின் தோல் போதும். உரிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கத்தி பட்ட இடமெல்லாம் பின்னால் ஓட்டையாக விரியும் என்பதால், காலும் கழுத்தும் கழிந்த பிறகு கையால் தள்ளி உரிக்கச் சொல்லலாம்.

என் முதல் தோலை நான் கெடுத்தது இந்தக் கட்டத்தில்தான். கிடாவெட்டு முடிந்த ஒரு சித்திரை இரவில் தோலைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டேன். மறுநாள் பார்த்தபோது தோல் நன்றாகத்தான் இருந்தது. வாடைகூடப் பெரிதாக இல்லை. மூன்று நாள் கழித்துக் கழுவும்போது வயிற்றுப் பக்கத்து முடி கைப்பிடி கைப்பிடியாகக் கழன்று வந்தது. அந்த ஒரே இரவில் முடியின் வேர்ப்பகுதி அழுகியிருக்கிறது. அதைப் பிறகு எந்த மருந்தாலும் மீட்க முடியாது.

ஆகவே உரித்த இரண்டு மணி நேரத்துக்குள் உப்பு ஏற வேண்டும். தோலின் சூடு ஆறும்வரை நிழலில் விரித்துப் போடுங்கள். சதைப்புறம் மேலே இருக்கட்டும். தொங்கும் கறியையும் கொழுப்பையும் எடுத்துவிட்டு, தோலின் எடையில் பாதி அளவுக்கு உப்பைத் தேயுங்கள். ஒன்றரை கிலோ தோலுக்கு முக்கால் கிலோ உப்பு. கல்லுப்பை அப்படியே போட்டால் இடைவெளி விழும், பொடித்துக்கொள்ளுங்கள். ஓரங்கள், கால் மடிப்புகள், கழுத்து ஆகியவற்றில் அழுத்தித் தேய்க்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் விடுபடும். பிறகு சதைப்புறம் சதைப்புறத்தோடு சேரும்படி மடித்து, சாய்வான பலகையில் வையுங்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் வழியத் தொடங்கும். உப்பு நாரிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. பாக்டீரியாவுக்கு வேலை செய்ய ஈரம் இல்லாமல் போகிறது. மறுநாள் அந்த நனைந்த உப்பை உதறிவிட்டுப் புதிய உப்புப் போடுங்கள். நன்றாக உப்பேறிய தோல் வாரக்கணக்கில் காத்திருக்கும்.

வெயிலில் காயவைப்பது என்பது பலருக்கும் உடனே தோன்றும் யோசனை. வேண்டாம். நம் ஊர் வெயிலில் மொட்டைமாடித் தரையின் சூட்டில் ஈரத்தோலின் மேற்பரப்பு வெந்து மூடிக்கொள்ளும். உள்ளே ஈரம் சிறைப்பட்டு அழுகும். வெளியே காய்ந்ததுபோலவே தெரிவதால் ஏமாந்துபோவோம்.

வழிப்பு

உப்பிட்ட தோலை அலசி, கைப்பிடி உப்புச் சேர்த்த குளிர்ந்த தண்ணீரில் சில மணி நேரம் ஊறவிடுங்கள். இப்போது நீர் திரும்பி உள்ளே வருகிறது. தோல் பழையபடி குழைந்ததும் எடுத்துவிட வேண்டும். இரவு முழுதும் போட்டுவைக்கக் கூடாது.

அடுத்தது சதைப்புறத்தை வழிப்பது. வழவழப்பான ஒரு மரக்கட்டையையோ பருமனான பிளாஸ்டிக் குழாயையோ இடுப்பளவு உயரத்துக்குச் சாய்த்து, அதன்மேல் தோலைப் போட்டு, மழுங்கிய கத்தியால் உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளி வழிக்க வேண்டும். கூர்மையான கத்தி தோலை அறுக்கும். கறியும் கொழுப்பும் போய்விட்ட பிறகும் மெல்லிய வெண்சவ்வு ஒன்று மீதமிருக்கும். கண்ணுக்கு அது தோலைப்போலவே தெரியும். எங்கள் பக்கத்தில் பறை கட்டும் பெரியவர் ஒருவரிடம் என் இரண்டாவது தோலைக் காட்டியபோது, அவர் நகத்தால் ஓர் ஓரத்தைக் கீறி, மெழுகுத்தாள்போல் ஒன்றை உரித்தெடுத்து, “இன்னும் சவ்வு இருக்கிறது தம்பி” என்றார். இரண்டு மணி நேரம் வழித்து முடித்துவிட்டதாக நான் நம்பியிருந்தேன். அந்தச் சவ்வு இருந்தால் படிகாரமோ துவர்ப்போ உள்ளே இறங்காது. திட்டுத் திட்டாகத் தோல் விறைத்துப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முடி வேண்டாம் என்பவர்கள் இந்த இடத்தில் வழி பிரிவார்கள். நீற்றிய சுண்ணாம்புக் கரைசலில் தோலைச் சில நாட்கள் ஊறவைத்தால், முடியின் வேரைச் சூழ்ந்த மென்மையான பகுதி கரைந்து முடி தானாகக் கழலும். நார்களும் விரிந்து கொடுக்கும். பிறகு சுண்ணாம்பை முழுதும் நீக்கியாக வேண்டும். முதல் தோலுக்கு முடியோடு செய்வதே நல்லது.

வழித்து முடித்ததும் மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக அலசி, நீரை வடியவிடுங்கள்.

படிகாரம்

சவரக் கடையில் கன்னத்தில் தேய்ப்பதும், திருஷ்டிக்கு வாசலில் கட்டுவதும் இதே படிகாரம்தான். அதிலுள்ள அலுமினியம் கொலாஜன் நார்களைப் பற்றிக்கொள்கிறது. பல காலமாகப் புழங்கிவரும் ஓர் அளவு இது. 450 கிராம் படிகாரத்தைப் பொடித்து நான்கு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். வெந்நீரில் கரைத்து ஆறவைத்தால் எளிது. இன்னொரு பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீரில் 115 கிராம் சலவைச் சோடாவும் 225 கிராம் உப்பும் கரையுங்கள். பிறகு சோடாக் கரைசலை மெல்லிய தாரையாகப் படிகாரக் கரைசலுக்குள் ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். நுரை எழும், அது கரியமில வாயு. அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஊற்றினால் அலுமினியம் வெள்ளைக் கசடாகத் திரிந்து அடியில் தங்கிவிடும், தோலுக்குப் பயன்படாது. உப்பு எதற்கென்றால், படிகாரத்தின் புளிப்பில் தோல் உப்பிப் பருத்துவிடாமல் தடுக்க. பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். கையுறை அணியுங்கள்.

கரைசல் முழுதும் ஆறிய பிறகே தோலைப் போட வேண்டும். தினமும் இரண்டு மூன்று முறை கிளறிவிட்டு, மடிப்பு விழாமல் பார்த்துக்கொண்டால் வெள்ளாட்டுத் தோலுக்கு இரண்டு முதல் ஐந்து நாள் போதும். ஆகிவிட்டதா என்று அறிய, மிகவும் தடித்த இடமான கழுத்தோரத்தில் சிறிய துண்டு வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஓரங்கள் வெண்மையாகவும் நடுவில் நீலம் பாய்ந்த கண்ணாடிக் கோடும் தெரிந்தால் இன்னும் உள்ளே இறங்கவில்லை. முழுவதும் பால்வெள்ளையாக இருந்தால் எடுத்துவிடலாம். லேசாக ஒருமுறை அலசி, கம்பியில் போடாமல் மரக்கழியில் போட்டு வடியவிடுங்கள். இரும்பு பட்டால் கறை படியும்.

இந்த முறையின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். படிகாரத்தின் பிடி தளர்வானது. நீரில் ஊறவைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். தோல் மறுபடி பச்சைத்தோலின் குணத்துக்குத் திரும்பும். இருக்கை விரிப்பு, சுவர் அலங்காரம், தொப்பியின் உட்புறம் போன்றவற்றுக்குப் போதும். செருப்புக்கு ஆகாது.

கை வேலை

பதனிட்ட தோலை அப்படியே காயவிட்டால் அதுவும் அட்டையாகிவிடும் என்பது புதியவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். மருந்தில் தவறு என்று நினைத்துக் கைவிட்டுவிடுவார்கள். தவறு இல்லை. குழைவு பாதி மருந்தால் வருகிறது, மீதிப் பாதி கையால் வருகிறது.

தோல் வடிந்து ஈரமாக இருக்கும்போதே எண்ணெய் ஊட்ட வேண்டும். நீர் வெளியேறும் வழியில் எண்ணெய் உள்ளே போய் நார்களுக்கு இடையில் தங்கும். ஆனால் எண்ணெயும் நீரும் கலக்காதே? இங்கேதான் முட்டை மஞ்சள்கரு வருகிறது. அதிலுள்ள லெசிதின் எண்ணெயைச் சிறு சிறு துளிகளாக உடைத்து நீரோடு கலக்கச் செய்கிறது. இரண்டு மஞ்சள்கரு, நான்கு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு குவளை வெதுவெதுப்பான நீர் ஆகியவற்றை அடித்துச் சதைப்புறத்தில் மட்டும் தடவி, மடித்து ஓர் இரவு வையுங்கள். வட அமெரிக்கப் பழங்குடிகள் இதே வேலைக்கு விலங்கின் மூளையைப் பயன்படுத்தினார்கள். அதிலும் லெசிதின் உண்டு. வெவ்வேறு நிலங்களில் வாழ்ந்த மனிதர்கள் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே பொருளைக் கண்டடைந்திருக்கிறார்கள்.

பிறகு நிழலில், காற்றோட்டமாக, சட்டத்தில் தளர்வாகக் கட்டிக் காயவிடுங்கள். இனி நேரம்தான் எல்லாம். மணிக்கொரு முறை தொட்டுப் பாருங்கள். தோல் இன்னும் குளிர்ச்சியாக, ஆனால் கையில் ஈரம் ஒட்டாமல் இருக்கும் கட்டம் ஒன்று வரும். அப்போது சட்டத்திலிருந்து அவிழ்த்து, ஒரு பலகையின் மழுங்கிய விளிம்பில் சதைப்புறத்தை வைத்து, செருப்பு துடைக்கும் துணியை இழுப்பதுபோல் இரு கைகளாலும் மாறி மாறி இழுக்க வேண்டும். இழுத்த இடம் வெளுத்துவிடும். ஒட்டத் தொடங்கிய நார்கள் பிரிவதன் அடையாளம் அது. எல்லாத் திசையிலும் இழுங்கள். கொஞ்சம் ஓய்வெடுத்து மறுபடி இழுங்கள். ஒரு தோலுக்கு அரைநாள் ஆகும், தோள் வலிக்கும். அந்தக் கட்டத்தைத் தவறவிட்டு ஏதாவது இடம் விறைத்துவிட்டால், ஈரத்துணியால் சதைப்புறத்தை நனைத்து மீண்டும் தொடங்கலாம். கடைசியில் உப்புத்தாளால் சதைப்புறத்தைத் தேய்த்தால் மெல்லிய கம்பளித் துணிபோல் வரும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட ஓட்ஸி என்ற மனிதர் 5,000 ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்தவர். அவர் உடுத்தியிருந்த மேலங்கி வெள்ளாட்டுத் தோலும் செம்மறித் தோலும் சேர்த்துத் தைத்தது. அந்த அங்கியையும் யாரோ இப்படி உட்கார்ந்து இழுத்துத்தான் குழைத்திருப்பார்கள்.

ஆவாரம் பட்டை

கடுக்காயை வாயில் போட்டால் நாக்கு வறண்டு சுருங்குகிறதே, அதுதான் பதனிடுதல். துவர்ப்புப் பொருளாகிய டேனின், எச்சிலிலுள்ள புரதத்தைப் பற்றித் திரளச் செய்கிறது. அதே டேனின் தோலிலுள்ள கொலாஜனைப் பற்றிக்கொண்டால் நீரால் அதை எளிதில் கழற்ற முடியாது. தமிழகத்துத் தோல் தொழில் நெடுங்காலம் ஆவாரம் பட்டையை நம்பி நின்றது. வாணியம்பாடியும் திண்டுக்கல்லும் இன்னும் பல ஊர்களும் இப்படிப் பட்டையில் பதனிட்ட தோலைக் கப்பலேற்றின. வெளுத்த வைக்கோல் நிறத்தில் வரும் அந்தத் தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் போட்டார்கள். இரசாயனம் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள், ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டவர்கள் கண்டுபிடித்த தீர்வு இது. அவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை என்பதை எண்ணினால் மனம் கனக்கிறது.

வீட்டில் செய்வதென்றால் இடித்த பட்டையை நீரில் ஊறவைத்து முதலில் தேநீர் நிறத்தில் நீர்த்த சாறு எடுங்கள். நாள் செல்லச் செல்லத்தான் கெட்டியாக்க வேண்டும். தொடக்கத்திலேயே கெட்டிச் சாற்றில் போட்டால் மேற்பரப்பு மட்டும் பதப்பட்டுக் கதவடைத்துக்கொள்ளும். நடுப்பகுதி பச்சையாக நின்றுவிடும். வெள்ளாட்டுத் தோலுக்குச் சில வாரங்கள் ஆகலாம். இரும்புப் பாத்திரம் கூடவே கூடாது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மையாகும் என்பது நம் பழைய அறிவு. தோலும் அப்படியே கறுக்கும்.

குரோமியம் பற்றிக் கேட்பார்கள். சென்னைக் குரோம்பேட்டையின் பெயரே அங்கே இயங்கிய குரோம் தோல் நிறுவனத்தால் வந்தது. வேகமானது, கொதிநீரையும் தாங்கும் தோல் தருவது. ஆனால் அதன் கழிவை வீட்டில் கையாளவே முடியாது. தோல் ஆலைக் கழிவு பாலாற்றுக்கும் அதன் கரை நிலங்களுக்கும் செய்த கேட்டை முன்னிட்டு 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. உங்கள் படிகாரத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் குறைந்த அளவுதான் என்றாலும் கிணற்றருகிலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள். உப்பு மண்ணில் தங்கிவிடும். பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் நிறையத் தண்ணீரோடு அதில் விடுங்கள். வழித்த கறியையும் கொழுப்பையும் நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள்.

கடைசியாக ஒரு சிறு சோதனை. தோலின் ஓரத்தில் முன்கூட்டியே மூன்று பட்டைகளை வெட்டி வையுங்கள்: ஒன்றைப் பச்சையாகவே காயவையுங்கள், ஒன்றைப் படிகாரத்தில் போடுங்கள், ஒன்றை ஆவாரஞ்சாற்றில் போடுங்கள். மூன்றும் முடிந்ததும் சேர்த்து இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி அலசி, நிழலில் காயப்போடுங்கள். பச்சைத்தோல் ஊறி நாற்றமெடுத்து, காய்ந்ததும் சுள்ளிபோல் ஆகியிருக்கும். படிகாரத்தில் போட்டது விறைத்திருக்கும். ஆவாரத்தில் போட்டதை விரலில் சுற்றினால் சுற்றிக்கொள்ளும்.